ஜாமீன் கையெழுத்தும் இரண்டு குறள்களும்

சொந்தக்காரர் ஒருவரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் அந்தக் கடனை நானே கட்டி முடித்தேன். என் கையிலிருந்து போனது 4,60,000 ரூபாய். அதற்கு மேல் நான் கட்டிய வட்டி, அலைச்சல், போன தூக்கம் எல்லாம் தனி. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் வெட்கம். நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன். தன்னலம் பாராத வள்ளல்களைப் பற்றி வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஆள், உதவி செய்துவிட்டுப் புலம்புவதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எனக்குத் துணையாக இருந்தவை இரண்டு: ஒப்பந்தச் சட்டத்தின் சில பிரிவுகள், நான் ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்த பழைய பாட்டுகள். பாட்டுகளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்துதான் எழுதப் போகிறேன்.

கேட்டு வந்தவர் என் அத்தை மகன். என்னைவிட மூத்தவர், அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். டிஜிட்டல் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தார். புது மெஷின் வாங்க 6 லட்சம் கடன் வேண்டும், அரசுச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஜாமீன் நின்றால் கொடுக்கிறோம் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். "மாப்ள, கையெழுத்து மட்டும்தான். உன் கையிலேர்ந்து ஒரு ரூபா போகாது" என்றார். அப்போது எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பயமே இல்லை. பெருமைதான் இருந்தது. சின்ன வயதில் அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் கடைசியில் உட்கார்ந்த பையன் நான். இப்போது அவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் கையெழுத்தைக் கேட்கிறார். 'தமக்கென முயலா நோன்தாள், பிறர்க்கென முயலுநர்' என்ற புறநானூற்று வரி தானாக மனதில் வந்து நின்றது. மறுநாளே வங்கிக்குப் போய் அவர்கள் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரிதான் மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, போட்டுட்டு வந்து சொல்றீங்களே" என்று மட்டும் கேட்டாள்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜாமீன் என்றால் 'நல்ல மனிதர், கட்டிவிடுவார்' என்று சான்றிதழ் கொடுப்பது என்றுதான் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வழக்குப் போட்டு, அவர் சொத்தையெல்லாம் விற்றுப் பார்த்துவிட்டு, மீதிக்குத்தான் நம்மிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. நேராக நம்மிடமே வரலாம். யாரிடம் லேசாகப் பணம் பிடிக்க முடியுமோ அவரிடம்தான் வருவார்கள். மாதச் சம்பளக்காரரிடம் பிடிப்பது லேசு. கையெழுத்துப் போடும் நாளிலேயே அந்த ஜாமீன் பத்திரத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். இத்தனை ரூபாய் வரைதான் என் பொறுப்பு என்று வரம்பு போட்டு எழுதவும் கேட்கலாம். எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் கேட்கலாம்.

ஆரம்பத்தில் தவணை ஒழுங்காகப் போனது. அப்புறம் அனுமதியில்லாத பேனர்களுக்கு நீதிமன்றக் கெடுபிடி அதிகமாகி வியாபாரம் பாதியானது. 2020 ஊரடங்கு வந்தது. திருவிழா இல்லை, மண்டபத்தில் கல்யாணம் இல்லை, பேனருக்கு என்ன வேலை? அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அத்தான் அதை எடுத்துக்கொண்டார். அந்த ஆறு மாதமும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது என்பது எனக்கு மட்டுமல்ல, அவருக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தவணையே கட்டவில்லை என்பதை வங்கியும் எனக்குச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்துதான் தெரிந்தது. பின்னாலேயே சம்பளக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாமல் போனது. என் சம்பளக் கணக்கும் அதே வங்கியில்தான். தன்னிடம் உள்ள கணக்கிலிருந்து தனக்கு வர வேண்டிய பாக்கியை ஈடுகட்டிக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. மேலாளரிடம் போய் நின்றேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், எங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்களும் அவரும் ஒண்ணுதான்" என்றார். ஆகவே, எந்த வங்கியில் உங்கள் சம்பளம் விழுகிறதோ அந்த வங்கியில் யாருக்கும் ஜாமீன் நிற்காதீர்கள். தவணை தவறினால் எனக்கும் தகவல் தர வேண்டும் என்று கிளைக்கு முதலிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்கி வையுங்கள்.

அந்த ராத்திரிகளில் மனதில் சுற்றிச் சுற்றி வந்தது ஒரு குறள்தான். 'ஒப்புரவி னால்வரும் கேடெனின் அஃதொருவன் விற்றுக்கோள் தக்க துடைத்து.' 220-ஆவது குறள். பிறருக்கு உதவி செய்வதால் கேடு வரும் என்றால், அந்தக் கேட்டைத் தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுக்கும். இப்போது அதே குறள் என்னைத் திட்டுவதுபோல் இருந்தது. கேடு வந்துவிட்டது, ஆனால் அதை விலை கொடுத்து வாங்கும் சந்தோஷம் எங்கே? வரவில்லையே! வள்ளுவர் சொன்ன உயரத்துக்கு நான் ஏறவில்லையா, இல்லை அவர் சொன்னதே சும்மா பேச்சா? கோபம் அவர்மேலும் வந்தது, மறைப்பானேன்.

அப்படிக் கோபத்தோடு புரட்டியபோதுதான் வலியறிதல் அதிகாரம் கண்ணில் பட்டது. அது பொருட்பாலில் இருக்கிறது. பகைமேல் போகிற அரசன் தன் வலிமையை எடை போட வேண்டும் என்று சொல்லும் இடம். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற குறள் இந்த அதிகாரத்தில்தான் வருகிறது. கொம்பு நுனிவரை ஏறியவன் அதற்கும் மேலே ஏறப் பார்த்தால் உயிர் போகும் என்பதும் இங்கேதான். கடைசி நான்கு குறள்களும் பணக் கணக்கு. வருமானம் சின்னதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, செலவு அதைவிடப் பெரிதாகாமல் இருந்தால் போதும் என்கிறார். அதிகாரத்தை முடிப்பது 480-ஆவது குறள்: 'உளவரை தூக்காத ஒப்புர வாண்மை வளவரை வல்லைக் கெடும்.' தன்னிடம் இருப்பது எவ்வளவு என்று பார்க்காமல் செய்கிற உதவியால் ஒருவன் செல்வத்தின் அளவு விரைவில் கெட்டுப்போகும். 220-இல் எந்த ஒப்புரவைத் தன்னை விற்றாவது செய் என்றாரோ, அதே ஒப்புரவுக்குத்தான் இங்கே அளவுகோலை நீட்டுகிறார். அதுவும் தீயவர்களையோ கஞ்சர்களையோ பார்த்துச் சொல்லவில்லை. நல்லது செய்கிறவனைப் பார்த்துச் சொல்கிறார்.

இரண்டும் முரண் என்று அன்று தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அறத்துப்பாலில் உள்ள குறள், விற்பதற்குத் தன்னைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. மனைவியின் வளையலையும் மகளின் படிப்பையும் அந்த விலையில் சேர்க்கச் சொல்லவில்லை. பொருட்பாலில் உள்ள குறள், பல பேர் சாப்பாட்டுக்குப் பொறுப்பானவனிடம் பேசுகிறது. அங்கே அது அரசன். என் அளவில் அது வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற ஆள். உரையாசிரியர்கள் வழி இது சரியா என்று தமிழாசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். வரட்டும். மேடையில் 220-ஐ முழங்குகிறவர்கள் 480-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

வள்ளல் கதைகளையும் அதே கண்ணோடு திரும்பப் பார்த்தேன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். அவன் தேர். அடுத்த மாதம் வரப்போகிற தேருக்கு உறுதிமொழி எழுதிக் கொடுக்கவில்லை. குமணன், தன் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவரிடம், வெட்டிக்கொள்ளச் சொல்லி வாளைக் கொடுத்தான். அதுவும் அவன் தலைதான். கையில் இருப்பதைக் கொடுத்தார்கள், கொடுத்தவுடன் அந்தக் கணக்கு முடிந்தது. ஜாமீன் அப்படி இல்லை. இன்று ஒன்றுமே கொடுக்காமல் வள்ளல் என்ற பெயரை வாங்கிக்கொள்கிறோம். பின்னால் எப்போதோ, எவ்வளவு என்று தெரியாத ஒன்றை, கொடுக்க மனம் இல்லாத நேரத்தில் பிடுங்கிக்கொள்கிறார்கள். இதற்கு ஈகை என்று பெயர் வைக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை.

புறநானூற்று 163-ஆம் பாட்டு இன்னும் ஆழமாகத் தைத்தது. குமணனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு புலவர் பெருஞ்சித்திரனார் வீட்டுக்கு வருகிறார். எத்தனையோ நாள் பசி கிடந்த குடும்பம். மனைவியிடம் சொல்கிறார்: உன்னை நேசிக்கிறவர்களுக்குக் கொடு, உன் சுற்றத்தாருக்குக் கொடு, நம் பசி தீர முன்பு உனக்குக் கடன் தந்தவர்களுக்குக் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னையும் கலந்துகொள்ளாதே, எல்லோருக்கும் கொடு. 'என்னொடுஞ் சூழாது' என்கிறார். கொடுக்கும் உரிமையை மனைவி கையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். என் வீட்டில் நடந்தது நேர்மாறு. பிறர்நலம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் அவளுக்குப் பங்கே இல்லை, ஆனால் நகைக்கடன் வரிசையில் நிற்கும் பங்கு மட்டும் வந்தது. யாருக்காவது ஜாமீன் நிற்பதாக இருந்தால், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வீட்டில் கேளுங்கள். கேட்டுவிட்டுப் போட்டால் அது குடும்பமே செய்த உதவி. பின்னால் கஷ்டம் வந்தாலும் சண்டை வராது.

கர்ணன் கதையை விட்டுவிட முடியாது, ஏனென்றால் சொந்தக்காரர்கள் கையெழுத்து கேட்கும்போது அவன் பெயர்தான் அதிகம் அடிபடுகிறது. "நீ கர்ணன்டா" என்று தோளில் தட்டுவார்கள். வியாச பாரதத்தின் வன பருவத்தில் கவச குண்டலம் போகும் கதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இந்திரன் வந்து கேட்பதற்கு முன்னாலேயே சூரியன் கனவில் வந்து மகனை எச்சரிக்கிறான். கொடுக்காதே, உன் உயிர் அதில் இருக்கிறது, புகழ் என்பது உயிரோடு இருப்பவனுக்குத்தான், செத்தவன் புகழ் பிணத்துக்குப் போட்ட மாலை என்கிறான். கர்ணன் கேட்கவில்லை. எனக்கு உயிரைவிடப் புகழ் பெரிது என்கிறான். சரி, கொடுப்பதென்றே முடிவு செய்துவிட்டாய் என்றால் பதிலுக்குச் சக்தி ஆயுதத்தைக் கேள் என்று சூரியன் வழி சொல்கிறான். கர்ணனும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கவசத்தை அறுத்துக் கொடுக்கிறான். ஒரே ஒரு முறைதான் எறியலாம் என்ற நிபந்தனையோடு கிடைத்த அந்த ஆயுதம் கடோத்கசன்மேல் செலவாகிப்போனது வேறு கதை. மேடையில் இந்தப் பேரத்தை அனேகமாக யாரும் சொல்வதில்லை. கொடைக்குப் பெயர்போனவனும் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துதான் கொடுத்தான். புகழும் வேண்டும், ஆயுதமும் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னான். எனக்கு இதில் அவன்மேல் மதிப்பு கூடித்தான் போனது.

திண்ணையில் என் மனதில் வந்து நின்ற பாட்டையும் முழுசாகப் படித்தேன். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய 182-ஆம் பாட்டு. 'புகழெனின் உயிருங் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்' என்று நடுவில் வருகிறது. பிறருக்காக உழைக்கிறவர்களுக்கும் புகழ் வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பாட்டு ஒளிக்கவே இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் 134-ஆம் பாட்டு நிற்கிறது. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் போடும் அறவிலை வணிகன் அல்லன் ஆய் என்ற வள்ளல், சான்றோர் போன வழி என்பதற்காகவே கொடுப்பவன் என்று முடமோசியார் பாடுகிறார். நான் எந்தப் பாட்டில் வருவேன்? அத்தான் குடும்பத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்கும் ஆசையை 6 லட்சத்துக்கு விலை பேசியிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. அது பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கும் பொருள் இதுதான் என்று தெரிந்திருந்தால் விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேசியிருக்கலாம்.

சரி, பணக் கதைக்கு வருகிறேன். மகளுக்குக் கல்லூரி இடம் கிடைத்துக் கல்விக் கடனுக்குப் போனோம். அப்பா என்ற முறையில் நானும் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். என் சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் மதிப்பெண், விழுந்து கிடந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஜாமீன் நின்ற கடன் தவறினால் நம் கடன் வரலாற்றிலும் ஏறும் என்பது அன்றுதான் தெரிந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை முழு சிபில் அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். ஜாமீன் நின்றவர்கள் தவறாமல் பாருங்கள், அத்தானோ வங்கியோ சொல்லாததை அது சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு காத்திருக்கவில்லை. பாக்கி 5,70,000 என்று நின்றது. ஒரே தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துப் பேசி 4,60,000-க்கு முடித்தேன். சேமநல நிதியில் 2,10,000 எடுத்தேன், நகையில் 1,50,000, முதிராத ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்ததில் 1,00,000. குறைத்துக் கட்டினால் சிபிலில் 'முழுதும் கட்டியது' என்று வராது, 'சமரசத்தில் முடிந்தது' என்று வரும், அதற்கும் ஒரு கறை உண்டு. முழுத் தொகையைப் புரட்ட முடிந்தவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கட்டும்போது, ஜாமீன்தாரர் என்ற முறையில் இன்னார் கட்டினார் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பாக்கி இல்லைச் சான்றிதழும் வாங்குங்கள். இந்தத் தாள்கள் ரொம்ப முக்கியம். கட்டி முடித்தவுடன், கடனாளிமேல் வங்கிக்கு இருந்த உரிமைகள் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 140-ஆம் பிரிவுப்படி நமக்கு வருகின்றன. கட்டிய பணத்தை அவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமையை 145-ஆம் பிரிவு தருகிறது. வழக்கு என்றால் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களோடு இன்னொருவரும் ஜாமீன் நின்றிருந்தால், 146-ஆம் பிரிவுப்படி அவரும் சம பங்கு ஏற்க வேண்டும். கடன் விதிமுறைகளை நம் சம்மதம் இல்லாமல் வங்கி மாற்றியிருந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து 133-ஆம் பிரிவு நம்மை விடுவிக்கும். ஆனால் 'எப்படி மாற்றினாலும் சம்மதமே' என்று பல பத்திரங்களில் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறார்கள். நகல் வாங்குங்கள் என்று முதலில் சொன்னது அதற்காகத்தான்.

அத்தான்மேல் வழக்குப் போடவில்லை. போட வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது. அவர் என்னை ஏமாற்றத் திட்டம் போட்டார் என்று நானாகக் கதை கட்டி, பழைய சம்பவங்களை எல்லாம் அதற்குத் தோதாக அடுக்கிக்கொண்டிருந்தேன். 510-ஆவது குறள் அங்கே என்னை நிறுத்தியது. 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' ஆராயாமல் நம்புவது துன்பம் தரும் என்பதை எல்லாரும் சொல்வார்கள். நம்பியவன்மேல் பின்னால் சந்தேகப்படுவதும் அதே அளவு துன்பம் என்று சேர்த்துச் சொன்னது இந்தக் குறள். தொழில் படுத்த மனிதர் அவர், திருடர் இல்லை. ஆனாலும் மரியாதையோடு தாளில் எழுதி வாங்கினேன்: இன்ன தொகை நீங்கள் எனக்குத் தர வேண்டும், மாதம் 5,000 வீதம் தருவீர்கள் என்று. தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "நம்ம ரெண்டு பேருக்குள்ள எதுக்கு மாப்ள இதெல்லாம்?" என்றார். நம் இரண்டு பேருக்குள் என்பதால்தான் என்றேன். சில மாதம் தருகிறார், சில மாதம் தருவதில்லை.

போன வருஷம் மனைவி வழிச் சொந்தத்தில் ஒருவர் ஜாமீன் கேட்டு வந்தார், ஆட்டோ வாங்க. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். எங்களால் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுக்க முடிந்தது 20,000. அதைக் கொடுத்து, திருப்பித் தர வேண்டாம், கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள் என்றோம். வாங்கிக்கொண்டார், ஆனால் வருத்தம்தான் அவருக்கு. கையெழுத்து இனாம், அதைக்கூடப் போடவில்லை என்று சொந்தத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.